சீஸ் சாப்பிடுகிறீர்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு கிலோ செடார் சீஸ் செய்ய ஏறக்குறைய 10 லிட்டர் பசும்பால் வேண்டும். அத்தனை பாலின் கொழுப்பிலும் கால்சியத்திலும் புரதத்திலும் பெரும்பகுதி அந்தக் கட்டிக்குள் சுண்டிப்போய் நிற்கிறது. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் மட்டும், திரித்து வடிகட்டும்போது இறங்கும் தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சத்தைப் பாக்டீரியா தீர்த்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்கு, மாதக்கணக்கில் பழுத்த செடாரும் பார்மசானும் தொந்தரவு தராதது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 30 கிராம் போதும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டு. செடாராக இருந்தால் அதில் 7 கிராம் புரதமும் 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் கிடைக்கும். பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் 1,000 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைந்துபோகும் பி12-ம் இருக்கிறது. கூடவே 120 கலோரி, 10 கிராம் கொழுப்பு, அதில் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே சீஸ் சேர்க்கிற அன்று வெண்ணெயையும் நெய்யையும் விட்டுவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது, சேர்மானப் பட்டியலின் முதல் வரி. அதிகம் சேர்த்த பொருள்தான் அங்கே முதலில் வரும். பால், உப்பு, கல்ச்சர் (புளிக்கவைக்கும் பாக்டீரியா), ரென்னெட் (பாலைத் திரிக்கும் நொதி), இவ்வளவுதான் என்றால் அது இயற்கைச் சீஸ். 331, 339, 452 போன்ற எண்கள் இருந்தால் பிராசஸ்டு சீஸ்; உருக வைக்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் அவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாஸ்பேட் சேர்த்ததைத் தவிர்ப்பது நல்லது. தாவர எண்ணெய் என்று போட்டிருந்தால் அது சீஸ் மாதிரி ஒன்று, விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

அடுத்து சோடியம். நம் சாப்பாட்டில் ஏற்கெனவே ஊறுகாயும் அப்பளமும் இருப்பதால் இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் என்றிருந்தால் 20 கிராம் ஸ்லைஸ் ஒன்றில் 240 மில்லிகிராம். சோடியத்தை உப்பாகக் கணக்கிட இரண்டரையால் பெருக்கினால் 0.6 கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரண்டு ஸ்லைஸ் வைத்தாலே கால்வாசி முடிந்துவிடுகிறது.

சீஸ் தோசைக்கு 20 கிராம் துருவல் போதும். தோசை முக்கால்வாசி வெந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துத் தூவி, அரை நிமிடம் மூடுங்கள். தீ அதிகமானால் புரதம் இறுகிக் கொழுப்பு பிரியும். ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய் கசிந்து, நடுவே ரப்பர் போல இழுக்கும். சட்னியில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு சாப்பிட்டபின் ஒரு சிறு துண்டு கெட்டிச் சீஸை மென்றால் எச்சில் ஊறி, வாயின் அமிலம் தணியும். பல் சொத்தையைத் தடுக்க அது உதவக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கையும் சொல்கிறது.

கர்ப்பிணிகள் பாஸ்டுரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத, பாலில் செய்த மென்சீஸைத் தொட வேண்டாம். லிஸ்டீரியா கிருமி இருக்கலாம். மனச்சோர்வுக்கு எம்ஏஓஐ (மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்) வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் பழுத்த சீஸ் ஆகவே ஆகாது. அதிலுள்ள டைரமின் என்ற பொருள் ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும்.

பிரித்த கட்டியை பட்டர் பேப்பரில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டிச் சீஸில் பூஞ்சை வந்தால் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்சீஸ், ஸ்லைஸ், துருவல் என்றால் மொத்தமும் குப்பைக்கு.