சர்ச்சுக்குப் போவதை விட்டாயிற்று, அப்புறம்?

எங்கள் மார்த்தாண்டம் பக்கம் விடியும் முன்பே கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றின் ஒலிபெருக்கியும் கேட்டுவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டே, "எனக்குக் கடவுள் போதும், இந்தக் கமிட்டியும் கோஷ்டியும் வேண்டாம்" என்று ஒதுங்கினவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நானும் ஒருவன். ஒதுங்குவது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒதுங்கின பிறகு நாம் தடுக்கி விழுகிற இடங்கள் சில உண்டு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலாவது, சண்டையையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவது. அப்பா இறந்த அன்று, சந்தா பாக்கியைத் தீர்த்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று எங்கள் சபையில் சொல்லிவிட்டார்கள். பந்தல்காலில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்த அண்ணன், கண்ணைத் துடைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணினான். அதோடு நான் சர்ச் வாசலை மிதிப்பதை நிறுத்தினேன், இனி ஆண்டவரோடு நேராகவே பேசிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன். ஆனால் அடுத்த இரண்டு வருஷமும் கண்ணை மூடினால் எதிரே வந்து நின்றது பணம் கேட்டவரின் முகம்தான். மனசுக்குள் அவரோடு வாதாடி, ஜெயித்து, ஆமென் சொல்லி எழுந்திருப்பேன். ஒருநாள் தாங்க முடியாமல், "ஆண்டவரே, அந்த மனுஷன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவே மாட்டேங்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான். கோபம் இருந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள், மறைத்துவைத்துவிட்டுப் பக்தியாகப் பேசாதீர்கள்.

இரண்டாவது, கடவுள் எங்கும் இருக்கிறார், அதனால் தனியாக நேரமும் இடமும் எதற்கு என்று விட்டுவிடுவது. கேட்க நன்றாக இருக்கும், ஒரே மாதத்தில் பேச்சு அடியோடு நின்றுபோகும். என் அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார். முதல் மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவிவிட்டு, பால் சரிவாக ஓடி வந்து சிரட்டையில் முதல் சொட்டு விழும்வரை அங்கேயே நிற்பார், அந்த ஒரு நிமிஷம்தான் அவர் பேசுகிற நேரம். "ஆண்டவரே, நேத்து சின்னவன்கிட்ட வெறுதே கத்திட்டேன்" என்பார், அவ்வளவுதான். மழை பெய்து வெட்டு இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து திண்ணையில் வந்து நிற்பார். உங்களுக்கும் அப்படி ஒரு மரம் வேண்டும். அடுப்படியோ பஸ் ஸ்டாப்போ எதுவானாலும் சரி.

நேர்ச்சை பேரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உண்டியலை விட்டுவிட்டோம் என்கிறோம், ஆனால் "இந்த வேலை கிடைத்தால் தினமும் ஜெபிக்கிறேன்" என்று மனசுக்குள் வேறொரு உண்டியலை வைத்துக்கொள்கிறோம். வேண்டியதைக் கேளுங்கள், விலை பேசாதீர்கள்.

இன்னொன்று, உள்ளே கேட்கிற குரல் எல்லாம் கடவுளின் குரல் என்று நம்பிவிடுவது. தனியாக நடக்கிறவனுக்கு இதில்தான் ஆபத்து அதிகம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற பதிக்குப் போயிருக்கிறீர்களா? ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே போனால் சிலை கிடையாது, கண்ணாடியும் விளக்கும்தான். கேரளத்து நாராயண குருவும் 1927-ல் களவங்கோட்டில் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார். இதைப் பார்த்துவிட்டு, "நானே கடவுள், எனக்குத் தோன்றினதுதான் சரி" என்று பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் நம் முகத்தின் அழுக்கும் சேர்ந்துதானே தெரியும்? வைகுண்டர் தவம் இருந்தார், ஆனால் அதோடு நிற்காமல் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வழி செய்தார், திருவிதாங்கூர் அரசு சிறையில் அடைத்தபோதும் பின்வாங்கவில்லை. குரு மருத்துவாமலைக் குகையில் தனியாக இருந்தவர், 1888-ல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்து எல்லாரையும் கும்பிட வைத்தார். தனிமையில் கிடைத்தது நிஜம்தானா என்று மனுஷர்கள் மத்தியில்தான் தெரியவரும். அதனால் "நீ சொல்லுறது சரியில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்று நினைப்பது. பாட்டும் மைக்கும் கூட்டமும் இல்லாத இடத்தில் சிலிர்ப்பு குறைவாகத்தான் இருக்கும், வாரக்கணக்கில் ஒன்றுமே தோன்றாமலும் போகும். அப்போது, நமக்கு இது வராது என்று பலபேர் விட்டுவிடுகிறார்கள். அப்பா இறந்த வருஷம், ஒருநாள் அம்மாவோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். சிரட்டையில் சொட்டு விழுந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல ஆண்டவரே, சும்மா நிக்கேன்" என்றார். அப்புறம் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.