குலவாள் அமைப்பது எப்படி: கதைக்கும் கேமுக்கும் ஒரு செய்முறை

மாய உலகக் கதை எழுத உட்காரும் பலருக்கும் முதலில் கைக்கு அகப்படுவது ஒரு வாள்தான். தாத்தாவிடம் இருந்தது, அப்பாவிடம் வந்தது, இப்போது நாயகனிடம் இருக்கிறது. உருவினால் நீல ஒளி வீசும். இத்தோடு நிறுத்திக்கொண்டால் அது குலவாள் அல்ல, பழைய வாள். யாருக்குச் சேரும், யாருக்குச் சேராது என்று வழக்கு எழும்போதுதான் வாளுக்குக் குலம் வாய்க்கிறது. ஆகவே இந்தச் செய்முறையில் பெரும்பகுதியை அந்த ஒரு படியே பிடித்துக்கொள்ளும். பெயர் சூட்டுவதையும், கைப்பிடியில் என்ன கல் பதிப்பது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: வாளின் குணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

இரண்டு வரி வந்தால் ஒன்றை அடித்துவிடுங்கள். ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் ஒன்றான ஹெர்வரார் சாகாவில் வரும் டிர்ஃபிங் வாள் இதற்கு நல்ல மாதிரி. உறையை விட்டு வெளியே வந்தால் ஓர் உயிரைக் குடிக்காமல் திரும்பாது. குணம் அவ்வளவுதான். அந்தக் குணத்தோடு அது கைமாறிக்கொண்டே போகிறது. ஹெர்வோர் என்ற மகள், தந்தை புதைக்கப்பட்ட தீவுக்குத் தனியே போய், செத்தவரை எழுப்பி வாளைக் கேட்கிறாள். இது உன் குலத்தையே அழித்துவிடும் என்று தந்தையின் ஆவி எச்சரிக்கிறது. அவள் அசைந்து கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறாள். பிறகு அவள் மகன் ஹெய்ட்ரெக்கின் கையில் அதே வாள் அவனது உடன்பிறந்தவனைக் கொல்கிறது. நெருப்பு, மின்னல், பறக்கும் சக்தி எதுவும் அந்த வாளுக்குத் தேவைப்படவில்லை.

படி 2: வாரிசு விதி

"எங்கள் ரத்தத்துக்கு மட்டுமே வாள் கட்டுப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். கதையின் பாதியில், வில்லன் நாயகனுக்குச் சித்தப்பா முறை என்று தெரியவரும். அங்கே வண்டி நின்றுவிடும். சித்தப்பாவுக்கும் அதே ரத்தம்தானே? வாள் அவருக்கு மட்டும் ஏன் மசியவில்லை? "அவர் மனம் தூய்மையாக இல்லை" என்று சமாளித்தால் ரத்தம் என்ற விதியே பொய்யாகிவிடும்.

முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுங்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் உருவினால் என்ன ஆகும்? இரட்டையர் பிறந்தால் யாருக்கு? மகள் வயிற்றுப் பேரனுக்கு உரிமை உண்டா? தத்துப்பிள்ளைக்கு? வாரிசைக் கொன்று பறித்தவன் கையில் அது வெறும் இரும்பா, விஷமா? கடைசி வாரிசு பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தால்? "பிறகு பார்க்கலாம்" என்று எதையும் விட்டுவைக்காதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கை தயங்குகிறதோ, பெரும்பாலும் உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

சித்தப்பா சிக்கலைக் கணக்காகவே தீர்த்துவைத்தது 1996இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்த நான்காவது ஃபயர் எம்ப்ளம் கேம். பன்னிரண்டு புனித வீரர்களின் வழிவந்தவர்களில் முழு ரத்தம் உள்ளவர்தான் குலத்தின் ஆயுதத்தை ஏந்தலாம். அரை ரத்தம் உள்ளவருக்கு அந்த வகை ஆயுதத்தில் தேர்ச்சி கூடும், குலத்தின் ஆயுதம் மட்டும் கிடைக்காது. முதல் தலைமுறையில் யார் யாரை மணக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் தலைமுறையின் உரிமைகள் மாறும். கல்யாணமே போர்த் தந்திரமாகிவிடுகிறது. கேமுக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியவில்லை.

நாவலுக்கு இது ஒத்துவராது. வாசகர் கணக்குப் போட வரவில்லை. அங்கே 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வழி மேல். டெய்ன் குலத்தின் 'டான்' என்ற வாள் தலைமகனுக்குத் தானாகச் சேர்வதில்லை. அந்தக் குலத்தில் தகுதியான வீரன் ஒருவன் தோன்றும்வரை காத்திருக்கும். மார்மாண்ட் குலத்தின் 'லாங்க்ளா' இன்னும் சுவாரஸ்யம். மகன் ஜோரா குற்றம் செய்து நாட்டை விட்டு ஓடும்போது வாளை விட்டுவிட்டுப் போகிறான். தந்தை ஜியோர் அதை, ஓநாயைச் சின்னமாகக் கொண்ட ஸ்டார்க் குலத்தில் வளர்ந்த ஜான் ஸ்னோவுக்குக் கொடுக்கிறார். கொடுக்கும் முன் கைப்பிடியின் நுனியில் இருந்த, தன் குலச்சின்னமான கரடித் தலையை எடுத்துவிட்டு ஓநாய்த் தலையைப் பொருத்தச் செய்கிறார். குலம் மாறியதைச் சொல்ல அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை: நாயகனுக்கே உரிமை இல்லாத வாள். 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்து என்ற கேமில், நாயகனின் தந்தை தேடிக் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போன வாள் நாயகனின் கையில் மசியாது. அவனுக்குப் பிறக்கும் மகனால்தான் அதை ஏந்த முடியும். விளையாடுகிறவர் அத்தனை மணி நேரமாக நம்பியிருந்ததை அந்த இடம் புரட்டிப் போடுகிறது.

படி 3: விலை

சுருக்கமாகச் சொல்கிறேன். இலவசமாக வேலை செய்யும் மாய வாள் சீக்கிரம் சலித்துவிடும். 2016இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி பதினைந்து என்ற கேமில், முன்னோர் மன்னர்களின் ஆயுதங்களை வீச வீச, வீசுகிறவரின் உயிர் அளவு குறையும். விலையை வாளின் குணத்திலிருந்தே எடுங்கள். தனியாக ஒரு சாபத்தைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

படி 4: கொடிவழியை வரையுங்கள்

குடும்ப மரம் வரைவதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. வேண்டாம். பெட்டிகளை நகர்த்துவதிலேயே நேரம் போய்விடும். சாதாரண எக்செல் அட்டவணை போதும்: ஒரு வரிக்கு ஒருவர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, வாள் கைக்கு வந்த ஆண்டு, கையை விட்டுப் போன ஆண்டு. கடைசி இரண்டு பத்திகளையும் மேலிருந்து கீழே படித்தால், வாள் யாரிடமும் இல்லாத இடைவெளிகள் தாமாகத் தெரியும். அவற்றை நிரப்பிவிட வேண்டாம். வோல்சுங்கா சாகாவில் சிக்மண்டின் வாள் போர்க்களத்தில் உடைந்து, துண்டுகளாகக் காத்திருந்து, ரெகின் மீண்டும் அடித்துக் கொடுத்தபின் மகன் சிகுர்டிடம் சேர்கிறது. இடைவெளியிலும் கதை நடக்கிறது.

படி 5: கேமில் பொருத்துவது

நான் பயன்படுத்துவது ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கேம் உருவாக்கும் மென்பொருள். தொடக்கக்காரர்களுக்கு இதுவே போதும். நிரல் எழுத வேண்டியதில்லை.

டேட்டாபேஸில் டைப்ஸ் பக்கத்துக்குப் போய், ஆயுத வகைகளில் 'குலவாள்' என்று புதிதாக ஒன்றைச் சேருங்கள். உங்கள் வாளை அந்த வகையில் வையுங்கள். அடுத்ததில் கவனம் தேவை: அந்த வகையை ஏந்தும் அனுமதியை கிளாஸஸ் (போர்வீரன், மந்திரவாதி போன்ற தொழில் வகைகள்) பக்கத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தால், அதே கிளாஸில் இருக்கும் எந்தக் கூலிப்படை வீரனும் வாளை மாட்டிக்கொள்வான். ஆக்டர்ஸ் (கதாபாத்திரங்கள்) பக்கத்தில், வாரிசின் பெயருக்கு நேரே உள்ள டிரெயிட்ஸ் (தன்மைகள்) பெட்டியில் 'எக்விப் வெப்பன்' சேருங்கள். வாரிசு பிறகு கிளாஸ் மாறினாலும் உரிமை போகாது.

விலைக்கு, வாளின் டிரெயிட்ஸ் பெட்டியில் ஹெச்பி ரீஜெனரேஷனை (உயிர் அளவு தானாக ஏறும் விகிதத்தை) -5% என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உயிர் குறையும்.

பின்சேர்க்கை: சண்டையே இல்லாமல் ஊருக்குள் நடக்கும்போதும் உயிர் குறைகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிழை அல்ல. வரைபடத்தில் இருபது அடி நடந்தால் அதை ஒரு சுற்றாக எம்வி கணக்கிடும். உறைக்குள் இருந்தாலும் உறிஞ்சும் வாள் என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேண்டாம் என்றால், -5% உள்ள ஒரு ஸ்டேட்டை (கதாபாத்திரத்தின் மீது ஏறி நீங்கும் நிலையை) உருவாக்கி, சண்டை முடிந்ததும் நீங்கும்படி அமைத்து, எதிரிக் கூட்டங்களுக்கான ட்ரூப்ஸ் பக்கத்தில் பூஜ்ஜியமாம் சுற்றில், வாரிசு அந்த வாளை அணிந்திருந்தால் மட்டும் அதைச் சேருங்கள். எல்லா எதிரிக் கூட்டத்துக்கும் தனித்தனியே நகலெடுக்க வேண்டும்; சலிப்பான வேலைதான்.

வாள் உயிரை 1 வரை குறைத்துவிட்டு நின்றுவிடுகிறதே என்ற கேள்விக்கு: சிஸ்டம் பக்கத்தில் 'நாக்அவுட் பை ஸ்லிப் டேமேஜ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆள் விழுந்துவிடுவார்.

மற்றொரு பின்சேர்க்கை: வாரிசு எதிர்காலத்திலிருந்து அதே வாளோடு வந்தால் விதி என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2012இல் வந்த ஃபயர் எம்ப்ளம் அவேக்கனிங்கில் நாயகன் க்ரோமும் எதிர்காலத்திலிருந்து வரும் அவன் மகள் லூசினாவும் ஃபால்ஷியன் என்ற குலவாளை ஆளுக்கொன்றாக ஏந்துகிறார்கள். இரண்டும் ஒரே வாள்தான். அங்கே இருவருக்கும் உரிமை உண்டு. உங்கள் கதையில் காலப் பயணம் இருந்தால், எக்செல் அட்டவணையில் வாளுக்கே இரண்டு வரி ஒதுக்குங்கள், ஆளுக்கு அல்ல.