முன் ஸ்பிராக்கெட் நட்டு அசையவில்லையா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்யாதீர்கள்

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின் வரிசையில் இருக்கும் தம்பி ஒருவர், போன மழைக்காலத்தில் தன் 650 சிசி மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வந்தார். "அண்ணே, மூணு மணி நேரமா இழுக்கிறேன், ஒரு மயிரிழைகூட அசையல" என்றார். எஞ்சினிலிருந்து செயினை இழுக்கும் பல்சக்கரம்தான் முன் ஸ்பிராக்கெட்; அதன் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டின் ஆறு மூலைகளில் நான்கு மழுங்கியிருந்தன. பக்கத்தில் உளி பட்ட காயம் வேறு. துணியால் துடைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: நட்டு கழலாமல் பிடித்துக்கொள்ளும் லாக் வாஷரின் மடிப்பு நட்டின் ஒரு பக்கத்தில் இன்னும் ஏறியே இருந்தது. கறுப்பாக அப்பிக் கிடந்த செயின் கிரீஸில் அது அவர் கண்ணில் படவே இல்லை.

முதல் தவறு இதுதான். சுத்தம் செய்யாமல் ஸ்பானரைப் போடாதீர்கள். மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும், பத்து நிமிட வேலை. அப்புறம் என்ன வகை என்று பாருங்கள். ஈஎக்ஸ்5 மாதிரி காப்சாய் எனும் சின்ன மோட்டார்களில் பெரிய நட்டே கிடையாது. ஒரு தகடும் இரண்டு சின்ன போல்ட்டும்தான். சில வண்டிகளில் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரே ஒரு போல்ட். பெரிய நட்டு என்றால், வாஷரின் மடிப்பை உளியால் முழுவதும் தட்டையாக்க வேண்டும். வாஷர் இல்லாத சிலவற்றில் நட்டின் விளிம்பையே ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் தட்டி இறக்கியிருப்பார்கள். அந்த உலோகத்தை 'பஞ்ச்' எனும் முனைக் கம்பியால் வெளியே தள்ளிய பிறகே திருப்ப வேண்டும்.

இந்த நட்டு ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது? நடுத்தர வண்டிகள் பலவற்றில் கம்பெனியிலேயே 100 நியூட்டன் மீட்டருக்கு (திருப்பும் பலத்தின் அளவு) மேல் முடுக்கி அனுப்புகிறார்கள். சிலவற்றில் மரையை இறுக்கிப் பிடிக்கும் மரைப் பசையும் போட்டிருக்கும். மேலே மழை, மண், உப்புக் காற்று. தினமும் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரையும் கடல் காற்றில் ஓட்டி பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வண்டியில் துருவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த தவறு, செயினை முதலில் கழற்றிவிடுவது. செயின் போய்விட்டால் ஸ்பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. உடனே பல்லுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகுகிறார்கள். அது முட்டுவது அலுமினிய எஞ்சின் கேஸில். விரிசல் விட்டால் அந்த நட்டைப் போல நூறு நட்டு வாங்கும் காசு போய்விடும். கியரில் மட்டும் போட்டுவிட்டு இழுப்பதும் சரியில்லை, அத்தனை பலமும் கியர் பற்களில் ஏறும். செயின் மாட்டியபடியே இருக்கட்டும், பின் சக்கரம் தரையில் இருக்கட்டும், ஒருவர் உட்கார்ந்து பின் பிரேக்கை அழுத்தி மிதிக்கட்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வழக்கமான மரையில் நட்டை இடப்பக்கமாகத் திருப்பும்போது சக்கரம் முன்னோக்கிச் சுற்றப் பார்க்கும். பிரேக் வழுக்கினால் வண்டி முன்னால் நகரும், சைட் ஸ்டாண்ட் மடங்கும். முன் சக்கரத்தைச் சுவரில் முட்ட நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, நட்டைத் திருப்பும் கம்பியில் தொங்குவதை நினைக்கவே வேண்டாம்.

சாமான் விஷயத்தில் ஒன்றுதான்: ஆறு மூலை சாக்கெட். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும், வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பானரும் மூலையைத் தின்றுவிடும். கை பலத்தைவிடக் கம்பியின் நீளம் பேசும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர்கூட வராது. அதே அழுத்தம் 60 சென்டிமீட்டர் கம்பியில் 235. முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், அதன் அளவு கெட்டுப்போகும்.

தட்டித் தட்டி நட்டைத் திருப்பும் பேட்டரி இம்பாக்ட் கன் கையில் இருந்தால் அதையே நான் முதலில் எடுப்பேன். இம்பாக்டுக்கென்று வரும் கறுப்பு சாக்கெட்டைப் போடுங்கள். சாதாரண குரோம் பூச்சு சாக்கெட் வெடித்துத் தெறிக்கலாம்.

ஸ்பிரே அடித்த ஐந்தாவது நிமிடமே இழுப்பதில் பலன் இல்லை. டபிள்யூடி-40 என்பது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய கலவை. 40-ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். துரு நட்டுக்கு, மரைக்குள் ஊடுருவும் எண்ணெயே பொருத்தம். அடித்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் தெறிக்காமல் துணி போட்டு மூடுங்கள்.

மரைப் பசை பிடித்திருந்தால் எந்த எண்ணெயும் உதவாது, சூடுதான் வேண்டும். இங்கேதான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். மரைப் பசையில் பலமான சிவப்பு வகை இளக 250 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. ஆனால் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் ரப்பர் ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) நூறு டிகிரியைத் தாண்டினாலே தடுமாற ஆரம்பிக்கும். அதனால் கேஸ் டார்ச் வேண்டாம். ஹீட் கன்னின் குறுகிய மூக்கால் நட்டுக்கு மட்டும் சூடு காட்டி, அது ஷாஃப்ட்டுக்குள் பரவுவதற்குள் திருப்புங்கள். அப்படியும் சீல் போயிருக்கலாம் என்று எண்ணி புதுசு ஒன்று வாங்கி வையுங்கள். பெட்ரோலால் கழுவிய இடத்தில் சூடு காட்டவே கூடாது.

மூலை முழுவதும் போன நட்டை உளி வைத்து அடித்துச் சுற்றாதீர்கள். உளி நழுவி ஷாஃப்ட்டின் மரையில் பட்டால், ஷாஃப்ட்டை மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டியிருக்கும். நட்டு போனால் போகட்டும், அதை வெட்டி எடுங்கள். தம்பியின் வண்டியில் அதைத்தான் செய்தோம். சீலைச் சுற்றி ஈரத்துணி வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சின்ன கிரைண்டரால் நட்டின் ஒரு தட்டைப் பக்கத்தை மெல்ல மெல்லத் தேய்த்தேன். மரை நிழலாடத் தொடங்கியதும் நிறுத்தினேன். வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. 'டக்' என்று பிளந்து கையோடு வந்தது. மரையில் கீறல் இல்லை.

பூட்டும்போது புது நட்டு, புது வாஷர். பழைய மடிப்பை மறுபடி மடித்தால் முறிந்துவிடும். இம்பாக்ட் கன்னால் முடுக்காமல், அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். வாஷரின் மடிப்பு நட்டின் தட்டைப் பக்கத்தில் ஒட்டிப் படிந்திருக்கிறதா என்று தம்பியே டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கவரை மூடினார்.