கல்லூரிப் போட்டிக்கு நிறுவன ஆதரவு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், பக்கத்து மாவட்டக் கல்லூரியில் புதிதாகப் பொறுப்பேற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர், தாம் நடத்தவிருக்கும் கூடைப்பந்துப் போட்டிக்காக எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினார். “தங்கள் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினால், கோப்பைக்குத் தங்கள் நிறுவனத்தின் பெயரையே சூட்டுகிறோம்” என்று அதில் இருந்தது. (சி.எஸ்.ஆர். என்பது நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்காகச் சட்டப்படி செலவிட வேண்டிய நிதி.) ஏறத்தாழ இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு என் மாணவர்கள் விலை கொடுத்தார்கள். கடிதத்தைப் பிழையின்றி எழுதுவது, உரிய காலத்தில் அனுப்புவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சி.எஸ்.ஆர். நிதியையும் விளம்பரப் பணத்தையும் ஒன்றென எண்ணுதல்

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் விளையாட்டும் இருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் நாம் கடிதம் எழுதத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் ஊரக விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு முதலானவற்றை வளர்ப்பதற்கான “பயிற்சி” என்பதே அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள சொல். மாரத்தான் போன்ற ஒற்றை நிகழ்ச்சிகள் கணக்கில் வாரா என்று மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் கருதி ஒரு நிறுவனம் தரும் ஆதரவு சி.எஸ்.ஆர். ஆகாது என்று 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

இது தெரியாமல், அந்தத் திருத்தத்துக்கு அடுத்த ஆண்டு, பதினாறு அணிகள் கலந்துகொண்ட கபடிப் போட்டி ஒன்றை நடத்தினேன். தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்றின் மேலாளர், சி.எஸ்.ஆர். கணக்கிலிருந்து தொகை வந்துவிடும் என்று வாய்மொழியாக உறுதியளித்தார். அதை நம்பி நுழைவாயில் வளைவு, மேடைப் பதாகை, வீரர்களின் ஜெர்சி, சுழற்கோப்பை என எல்லாவற்றிலும் அந்நிறுவனத்தின் பெயரைப் பொறித்தேன். போட்டி முடிந்ததும் நன்றிக் கடிதத்துடன் நாற்பது புகைப்படங்களையும் அனுப்பினேன். சி.எஸ்.ஆர். தொகை உரிய நோக்கத்துக்கே செலவானது என்று நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் சான்றளிக்க வேண்டும். அப்படங்களைப் பார்த்த பிறகு அவரால் கையெழுத்திட இயலவில்லை. அவர் செய்தது சரியே. நிகழ்ச்சி முடிந்துபோன நிலையில், விளம்பரத் துறையும் தன் ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து தர மறுத்துவிட்டது. நடுவர் ஊதியத்தையும் மூன்று நாள் சாப்பாட்டுச் செலவையும் கல்லூரி விளையாட்டு நிதியிலிருந்து அடைத்தோம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான ஐந்து மாணவர்களுக்குக் காலணி வாங்க வைத்திருந்த பணம் அதில்தான் கரைந்தது. அவர்கள் தேய்ந்த காலணியுடனேயே போய் ஆடினார்கள். இத்தனை ஆண்டுகள் கழிந்தும், “சி.எஸ்.ஆரில் கேளுங்கள், எளிதாகக் கிடைக்கும்” என்று யாரேனும் சொல்லக் கேட்டால் எனக்கு எரிச்சல் மூள்கிறது.

ஆகவே இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். கோப்பையின் பெயர், பதாகை, ஜெர்சி ஆகியவற்றைத் தருவதாயின் விளம்பரத் துறைக்கு எழுதுங்கள். சி.எஸ்.ஆர். துறைக்கு எழுதும் கடிதத்தில் கோப்பையைப் பற்றிய பேச்சே வரக்கூடாது. சுற்றுவட்டார அரசுப் பள்ளி மாணவியருக்கு உங்கள் ஆடுகளத்தில் ஆண்டு முழுவதும் பயிற்சி அளிக்கும் திட்டத்தை, பயிற்றுநர் ஊதியம், பந்து, சிற்றுண்டி என்று செலவுவாரியாக முன்வையுங்கள். உங்கள் அறக்கட்டளை வழியாக அதை நடத்துவதென்றால், சி.எஸ்.ஆர்.-1 பதிவு (சி.எஸ்.ஆர். நிதியைப் பெற்றுப் பணியாற்றும் அமைப்புகள் மத்திய அரசிடம் செய்துகொள்ளும் பதிவு) இருக்கிறதா என்பதை முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

வரியைப் பேசாமல் தொகையைப் பேசுதல்

இரண்டு லட்சம் என்பது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட என்று பின்னர் பொருள்கொள்ளப்பட்டால், உங்கள் கைக்கு ஏறத்தாழ 1,69,500 ரூபாய்தான் வரும். அறக்கட்டளைக் கல்லூரியாயின் பெரும்பாலும் ஆதரவு தரும் நிறுவனமே அவ்வரியை நேரடியாகச் செலுத்தும். போட்டியை நடத்துவது நிறுமமாக, அதாவது கம்பெனியாக, பதிவான அமைப்பாயின் 2025 ஜனவரி 16 முதல் அப்பொறுப்பு அந்த அமைப்பையே சேர்ந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கான ஆதரவுக்கு வரிவிலக்கு உண்டு என்பதால், கல்லூரி தன் பெயரில் நடத்தும் போட்டிக்கும் அது உண்டு என்று பலர் கருதுகிறார்கள். இல்லை.

ஒரே தொழிலில் இருவரிடம் பெறுதல்

ஒரு நகைக்கடையிடம் பெற்றபின் இன்னொரு நகைக்கடைக்குப் போகாதீர்கள்.

யாருடைய பணம் என்று பாராதிருத்தல்

புகையிலை நிறுவனங்களின் ஆதரவு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளும் அவற்றின் விளம்பரமும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டபோது, இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்தே, அத்தகைய விளையாட்டை நடத்திய டிரீம்11 நிறுவனத்தின் பெயர் நீங்கியது. சட்டம் இல்லாவிட்டாலும், பதினெட்டு வயது மாணவனின் மார்பில் எந்தப் பெயரை எழுதலாம் என்று முடிவுசெய்யும் கடமை நமக்கு இருக்கிறது.

வாய்மொழியை நம்புதல்

பாதித் தொகை வங்கிக் கணக்கில் சேரும்வரை அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.