டார்வின் – ககாடு – கேத்தரின் பேருந்துச் சுற்றுலா: பணம் கட்டும்போதே நடக்கும் தவறுகள்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், டார்வினிலிருந்து ககாடு தேசியப் பூங்கா, கேத்தரின் எனச் சுற்றிவரும் பேருந்துப் பயணத்தில் ஏமாற்றம் அடைகிறவர்கள் பெரும்பாலும் முன்பதிவின்போதே சறுக்கியிருப்பார்கள்.

முதல் சறுக்கல், மாதம். சிட்னி, மெல்பர்ன், சிங்கப்பூர் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் டிசம்பரில் கிளம்புவது வழக்கம். ஆனால் டார்வின் பக்கத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். சாலைகள் வெள்ளத்தில் மூடப்படும். ஆற்றில் நீர் ஏறினால் வழக்கமான படகுச் சவாரி நிற்கும் அல்லது வேறு வடிவில் நடக்கும். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். தமிழ்நாட்டின் கோடை விடுமுறை இதற்கு ஓரளவு பொருந்தும் என்றாலும், மே தொடக்கத்தில் சில நடைபாதைகளும் குளிக்கும் இடங்களும் இன்னும் திறந்திருக்காது. ஜூன், ஜூலைதான் உடம்புக்கு இதம்: கேத்தரினில் பகலில் 30 டிகிரி, விடியற்காலையில் 13 டிகிரி அளவுக்கு இறங்கும். அக்டோபரில் வெயில் 38 டிகிரியை எட்டும். ஆனால் பறவைகளுக்காகவே போகிறவர்கள் அந்த வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம். நீர்நிலைகள் சுருங்கச் சுருங்க, மிஞ்சிய நீரைச் சுற்றிப் பறவைகள் குவியும்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் கேத்தரின் டார்வினுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 320 கி.மீ.; அங்கிருந்து படகுச் சவாரி நடக்கும் நிட்மிலுக் மலையிடுக்குக்கு இன்னும் 30 கி.மீ. ஒரே நாளில் போய்வரும் பயணத்தில் 700 கி.மீ. பேருந்திலேயே கழியும். படகில் இருப்பதோ இரண்டு மணி நேரம். குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் இதைத் தொடவே வேண்டாம். ககாடுவில் ஓர் இரவு, கேத்தரினில் ஓர் இரவு தங்கும் மூன்று நாள் திட்டமே குறைந்தபட்சம்.

படகுச் சவாரியைப் பற்றி விசாரிக்காமல் பதிவு செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நிட்மிலுக்கில் கேத்தரின் ஆறு 13 மலையிடுக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது. வறண்ட காலத்தில் நீர் இறங்கியதும் இடையிடையே பாறைத் திட்டுகள் வெளியே வந்துவிடும். படகு அதைத் தாண்டாது. எனவே முதல் இடுக்கின் முடிவில் இறங்கி, கரடுமுரடான பாறைப் பாதையில் சில நூறு மீட்டர் நடந்து, அடுத்த படகில் ஏற வேண்டும். 'இரண்டு இடுக்குச் சவாரி' என்றால் போக ஒரு நடை, வர ஒரு நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை அறியாமல் சீட்டு வாங்கிவிட்டு, முதல் இடுக்கின் கரையில் உட்கார்ந்துவிட நேரும். செருப்பு உதவாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். வழியிலுள்ள பழங்குடியினரின் பாறை ஓவியங்களைத் தொடக் கூடாது. இது 1989-இல் அந்தப் பகுதியின் பழங்குடியினரான ஜாவோயின் மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட நிலம்.

ககாடுவில் யெல்லோ வாட்டர் என்ற நீர்நிலையில் நடக்கும் படகுச் சவாரியில் நடை கிடையாது. அங்கே நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். நண்பகல் படகு மலிவாகக் கிடைத்தாலும், வெயிலில் பறவைகள் ஒதுங்கிவிடும். சூரிய உதயப் படகையே கேளுங்கள். நீர்மேல் குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். மாலைப் படகென்றால் கொசுத் தைலம் கட்டாயம்.

முதலை விஷயத்தில் அலட்சியம் கூடாது. உவர்நீர் முதலை பெயருக்கு மாறாக நன்னீரிலும் வாழும். கலங்கிய நீரில் ஓசையின்றிக் கிடக்கும். படகுக்கு வெளியே கை நீட்டாதீர்கள். கரையில் நீரிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வழிகாட்டி அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் நீரில் இறங்கக் கூடாது. உள்ளூர்க்காரர் ஒருவர் குளிக்கிறார் என்பது அனுமதி ஆகாது.

விளம்பரத்தில் ககாடுவின் ஜிம் ஜிம் அருவிப் படம் இருந்தால், அது திட்டத்தில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே போகும் மண்பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டிதான் செல்லும், பெரிய பேருந்து போகாது. ககாடு நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பெரிய பெட்டி பேருந்தின் அடிப்பகுதிக்குள் போய்விடும், இரவு தங்குமிடத்தில்தான் கைக்கு வரும். மருந்து, அகன்ற விளிம்புத் தொப்பி, முகத்தில் ஈ மொய்க்காமல் தடுக்கும் வலை, சன்ஸ்கிரீன், தலைக்கு 2 லிட்டர் தண்ணீர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். வெயிலில் நடக்கும் நாளில் அந்தத் தண்ணீரும் போதாது, நிறுத்தங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஊர்களுக்கு இடையே செல்பேசி சிக்னல் இருக்காது. ஆஸ்திரேலிய செல்பேசி நிறுவனமான டெல்ஸ்ட்ராவுக்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. வரைபடங்களையும் சீட்டுகளையும் முன்பே இறக்கி வையுங்கள்.

சாப்பாட்டில் சைவர்களுக்குத்தான் சிக்கல். நெடுஞ்சாலைக் கடைகளில் பெரும்பாலும் இறைச்சி அடைத்துச் சுட்ட பை (pie), பர்கர், சிப்ஸ்தான் கிடைக்கும், சமையலறையும் சீக்கிரம் மூடிவிடும். முன்பதிவிலேயே 'முட்டை, மீன், கோழி எதுவும் கூடாது' என்று விரித்து எழுதுங்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் தட்டில் முட்டை வரலாம். ஊரிலிருந்து தின்பண்டம் கொண்டுபோனால், ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது கொடுக்கும் விமான நிலையப் படிவத்தில் ஒன்று விடாமல் அறிவியுங்கள். அறிவித்ததைப் பறித்தாலும் அதோடு முடிந்தது. மறைத்தால் கடும் அபராதம்.