தேடல் முடிவில் தெரியும் தலைப்பும் விளக்கமும்

கூகுளில் தேடுபவர் நம் பக்கத்தைப் பற்றி முதலில் காண்பது அதன் தலைப்பையும் கீழே உள்ள ஓரிரு வரி விளக்கத்தையும்தான் என்பதால், பக்கத்தின் HTML நிரலில் அந்தத் தலைப்பைத் தரும் டைட்டில் குறியையும் விளக்கத்தைத் தரும் மெட்டா டிஸ்கிரிப்ஷன் குறியையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எல்லாப் பக்கங்களுக்கும் தளத்தின் பெயரையோ ‘முகப்பு’ என்ற சொல்லையோ தலைப்பாக விட்டுவைத்தால், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் விளங்காது.

நீளமான தலைப்பு, எழுத்துகளின் எண்ணிக்கையால் அல்ல, திரையில் அது பிடிக்கும் அகலத்தால் வெட்டப்படுகிறது. தமிழ் எழுத்துகள் பல அகலமானவை. ஆகவே ஆங்கிலத் தலைப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கை அப்படியே பின்பற்றாமல், ‘மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பு’ என்பதுபோல் முக்கியச் சொற்களை முன்னால் வைத்து, தளத்தின் பெயரைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. விளக்கத்திலோ, தொட்டியின் அளவு என்ன, எப்போது விதைப்பது என்று பக்கத்தில் உண்மையாகவே உள்ள செய்தியைச் சொல்லுங்கள்; இல்லாததைச் சொல்லி வாசகரை வரவழைப்பது அவருடைய நம்பிக்கையைக் கெடுக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன். தேடியவரின் கேள்விக்கு அந்த விளக்கம் பொருந்தாவிட்டால், கூகுள் பக்கத்திலிருந்தே வேறு வரிகளை எடுத்துக் காட்டுவதும் உண்டு.

பக்கத்துக்கான தேடுசொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் குறியை நிரப்புவதில் நேரம் செலவிட வேண்டாம். தேடல் முடிவுகளின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. திருத்திய பக்கத்தின் முகவரியை தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கொடுத்து, மீண்டும் அட்டவணைப்படுத்துமாறு, அதாவது பக்கத்தைப் புதிதாகப் படித்துத் தன் தேடல் பதிவில் சேர்க்குமாறு கோரலாம். மாற்றம் தெரியச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம்.