அடுத்த எல்டர் ஸ்க்ரோல்ஸில் டிராகன்கள் வருமா: சான்றோடு ஊகிப்பது எப்படி

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் கணினி ஆட்ட வரிசையின் ஆறாம் பாகத்தில் டிராகன்கள் வருமா என்று கேட்பவர், தாம் அறியாமலேயே மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுக் கேட்கிறார். கதை நடக்கும் காலத்தில் அந்த உலகில் உயிருள்ள டிராகன்கள் எங்கேனும் இருக்குமா என்பது முதல் கேள்வி. ஆட்டக்காரர் அவற்றை நேரில் சந்தித்துப் போரிடவோ பேசவோ முடியுமா என்பது இரண்டாவது. ஐந்தாம் பாகமான ஸ்கைரிமில் இருந்ததைப் போல முழுக் கதையும் அவற்றைச் சுற்றியே அமையுமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று சொல்லவும் வலுவான காரணங்கள் உண்டு. ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாவது கேள்விக்கும் விடை சொல்லிக்கொண்டு மணிக்கணக்கில் வாதிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே எந்த ஊகத்தையும் எழுதத் தொடங்கும்போது, இம்மூன்றில் எதற்கு விடை தேடுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.

கையில் உள்ள சான்றுகளை எடைபோடுதல்

2018 ஜூனில் வெளியான ஆறாம் பாகத்தின் அறிவிப்புக் காணொளி அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். பாறை நிலத்தின் மீதும் மலைகளின் மீதும் காட்சி நகர்கிறது, தூரத்தில் கடற்கரை தெரிகிறது, தொடரின் பழகிய இசை எழுகிறது, தலைப்பு தோன்றுகிறது. மனிதரோ விலங்கோ டிராகனோ அதில் இல்லை. இதோடு ஸ்கைரிமின் முதல் முன்னோட்டத்தை ஒப்பிடுவது பலருடைய வழக்கம். 2010 டிசம்பரில் வந்த அந்த முன்னோட்டம் கல்லில் செதுக்கிய டிராகனைக் காட்டியது, டிராகன்கள் திரும்பி வருவதைப் பற்றிய குரலையும் கேட்கச் செய்தது; ஆட்டத்தின் மையப்பொருள் முதல் நாளிலேயே வெளிப்பட்டது. அப்படியானால் 2018-இல் டிராகன் காட்டப்படாததே டிராகன் இல்லை என்பதற்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதே என் கருத்து. ஸ்கைரிமின் முன்னோட்டம் வெளியீட்டுக்குப் பதினொரு மாதங்களுக்கு முன் வந்தது. 2018-இன் காணொளியோ ஆட்டம் உண்டு என்று உறுதிப்படுத்துவதற்காக மட்டுமே, பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே, காட்டப்பட்டது. வெவ்வேறு நோக்கத்துக்காக உருவான இரண்டு படைப்புகளை ஒரே தராசில் வைக்கக்கூடாது.

சான்றுகளை வரிசைப்படுத்தும்போது, இந்தத் தொடரை உருவாக்கும் பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ் தானே வெளியிட்ட படமும் சொல்லும் முதலிடம் பெறவேண்டும். அந்நிறுவனத்தார் நேர்காணல்களில் சொன்னவை அடுத்து வரும். முந்தைய ஆட்டங்களுக்குள் உள்ள புத்தகங்களும் உரையாடல்களும் அதற்கடுத்த இடத்தில் நிற்கும், ஏனெனில் அவை உலகத்தின் விதிகளைச் சொல்கின்றனவே தவிர அடுத்த ஆட்டத்தின் திட்டத்தைச் சொல்வதில்லை. வணிகச் சின்னப் பதிவு, காட்சியின் மூலையில் தெரியும் கீறல், பெயரில்லாதவர் கசியவிட்டதாகச் சொல்லும் பட்டியல் ஆகியவை கடைசியில் வரவேண்டியவை.

கடைசி வகையைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018-இல் ‘ரெட்ஃபால்’ என்ற பெயர் வணிகச் சின்னமாகப் பதிவுக்கு வந்தபோது, அது ஆறாம் பாகத்தின் துணைத்தலைப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணற்ற ரசிகர்கள் நம்பினார்கள்; ரெட்கார்ட் இனத்தின் தாயகமான ஹேமர்ஃபெல்லோடு அதை இணைத்து நீண்ட விளக்கங்களும் எழுதினார்கள். 2021-இல் அந்தப் பெயரோடு அறிவிக்கப்பட்டது ரத்தக்காட்டேரிகளைச் சுடும் வேறோர் ஆட்டம். அது 2023 மே மாதம் வெளிவந்தது. 2021-இல் வந்த, அதே நிறுவனத்தின் விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டின் முன்னோட்டத்தில் தெரிந்த ஒரு கீறல் ஹேமர்ஃபெல்லின் வரைபடம் போல இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தக் கீறல் உண்மையிலேயே குறிப்பாக இருந்தாலும், அது இடத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. டிராகனைப் பற்றி அதிலிருந்து எதையும் பெற முடியாது. ஒரு சான்று எந்தக் கேள்விக்கு உரியதோ அந்தக் கேள்விக்கு மட்டும் அதைப் பயன்படுத்தவேண்டும்.

உலகத்தின் விதிகளிலிருந்து தொடங்குதல்

இங்கேதான் ஊகிப்பதற்குச் செழுமையான பொருள் கிடைக்கிறது. ஸ்கைரிம் தரும் விதிகள் தெளிவானவை. டிராகன்களுக்கு முதுமையால் சாவு இல்லை. அவற்றை வாளாலும் அம்பாலும் வீழ்த்தலாம், ஆனால் ஆன்மா எஞ்சி நிற்கும். டிராகன்பார்ன் எனப்படும் நாயகர் அந்த ஆன்மாவை உறிஞ்சினால் மட்டுமே மீள முடியாத மரணம் நேரும். பழைய காலத்தில் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டவற்றை புதைமேடுகளிலிருந்து எழுப்பியது, ஸ்கைரிம் கதையின் முதன்மை எதிரியான ஆல்டுயின் என்ற டிராகன்.

இந்த விதிகளை அடுத்த பாகத்தின் காலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆல்டுயின் வீழ்ந்தபின் புதைமேடுகளைத் திறக்க வேறு யாரும் இருப்பதாக ஆட்டம் சொல்லவில்லை; ஆகவே புதிய டிராகன் கூட்டம் தானாக எழ வழியில்லை. அதே சமயம், ஆல்டுயின் தோற்றபோது அதன் ஆன்மா நாயகரிடம் வந்து சேர்வதில்லை என்பதைக் கவனித்தவர்கள் பலர். அது காலத்தின் இறுதியில் திரும்பி வரக்கூடும் என்று மலையுச்சித் துறவியான ஆர்ன்கேரும் நாயகரிடம் சொல்கிறார். எஞ்சியவற்றைப் பொறுத்தவரை, ஒடாவீங் நாயகருக்குப் பணிந்து உயிரோடு இருக்கிறது, முதிய டிராகனான பார்த்துர்நாக்ஸ், நாயகர் அதைக் கொல்லாதிருந்தால், மற்ற டிராகன்களுக்குத் தன் வழியைக் கற்பிக்கப் புறப்படுகிறது. எனவே முதல் கேள்விக்கு ‘ஆம், சில இருக்கும்’ என்பதே விதிகளோடு பொருந்தும் விடை.

ஸ்கைரிமுக்கு வெளியேயும் டிராகன்கள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1998-இல் வெளிவந்த ரெட்கார்ட் என்ற ஆட்டத்தில், ஹேமர்ஃபெல்லைச் சேர்ந்த ஸ்ட்ராஸ் எம்காய் தீவில், பேரரசின் பக்கம் நின்ற நாஃபாலிலார்கஸ் என்ற டிராகனை நாயகன் சைரஸ் எதிர்கொள்கிறான். 2019-இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனின் எல்ஸ்வேர் பகுதி டிராகன்களைப் பாலைவனத்துக்கும் புல்வெளிக்கும் கொண்டுவந்தது. ஆன்லைன் ஆட்டத்தை உருவாக்கியது வேறொரு குழு என்பதால், அதைத் திட்டத்துக்கான சான்றாகக் கொள்ளாமல், டிராகன்கள் பனிமலைகளுக்கு மட்டும் உரியவை அல்ல என்ற உலக விதிக்கான சான்றாக மட்டும் கொள்ளுங்கள். அடுத்த கதை ஹேமர்ஃபெல்லில் நடக்கும் என்று ஊகிப்பவர்கள் ஸ்ட்ராஸ் எம்காய் நிகழ்வைத் தவறாமல் தம் குறிப்பில் சேர்க்கவேண்டும்.

பார்த்துர்நாக்ஸ் என்னும் முடிச்சு

தொடர்ச்சிப் பாகம் எழுதுவோருக்கு இருக்கும் மிகக் கடினமான சிக்கல் இதுவே என்று நான் கருதுகிறேன். ஊகிப்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான். ஸ்கைரிமில் பார்த்துர்நாக்ஸைக் கொல்லும்படி, டிராகன்களை வேட்டையாடும் பிளேட்ஸ் அமைப்பினர் நாயகரிடம் கேட்கிறார்கள். கொன்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு, முடிவெடுக்காமல் விட்டுவிட்டவர்களும் உண்டு. இம்மூவரின் ஆட்டத்தையும் அடுத்த பாகம் பொய்யாக்கக்கூடாது.

ஆட்டக்காரரின் தேர்வுகளை மறைக்க இந்தத் தொடரிடம் இதற்குமுன் ஒரு நல்ல உத்தி இருந்தது: காலத்தைத் தாவுவது. 2006-இல் வந்த நான்காம் பாகமான ஆப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் இடையே கதைப்படி சுமார் 200 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் மனிதர்கள் எல்லாரும் இறந்துவிடுவார்கள், எந்தச் சங்கத்துக்கு யார் தலைவரானார் என்ற கேள்வி ஆவணங்களின் தூசிக்குள் மறைந்துவிடும். ஆனால் டிராகனுக்கு இது பொருந்தாது. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடு இருக்கும், அல்லது கொல்லப்பட்டிருக்கும். காலம் ஓடுவதால் இந்தக் கேள்வி கரையவே கரையாது.

எழுத்தாளர்களுக்கு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வடக்கே ஸ்கைரிம் நாட்டில் என்ன நடந்தது என்பதை முரண்பட்ட வதந்திகளாக மட்டும் சொல்லி, கதையை வெகு தொலைவில் நடத்தலாம். டிராகன்கள் எல்லாம் மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கிவிட்டன என்று சொல்லலாம். மூன்றாவது வழி சற்று ஆழமானது. 1996-இல் வெளிவந்த இரண்டாம் பாகமான டாகர்ஃபாலுக்கு ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகள் பல இருந்தன. பின்வந்த ஆட்டங்கள், காலமே உடைந்து அவை அனைத்தும் ஒரே சமயத்தில் நடந்தேறின என்று அறிவித்து அவற்றைச் சேர்த்துக்கொண்டன. அந்த உலகத்தில் இத்தகைய காலச் சிதைவுக்கு ‘டிராகன் பிரேக்’ என்று பெயர், ஏனெனில் காலத்தின் தெய்வமான அகாடோஷ் டிராகன் வடிவினர். இவ்வளவு பெரிய கருவியை ஒரு கிழட்டு டிராகனின் உயிருக்காகப் பயன்படுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை. முதல் வழியே எளிமையானது, தொடரின் சுபாவத்துக்கும் ஏற்றது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. அகாடோஷின் அடையாளமாகவும் பேரரசின் முத்திரையாகவும் டிராகன் உருவம் அந்த உலகெங்கும் காணப்படுகிறது. அடுத்த முன்னோட்டத்தில் ஒரு கொடியிலோ கேடயத்திலோ கோயில் சுவரிலோ டிராகன் தெரிந்தால், அதை உயிருள்ள டிராகனுக்கான சான்றாக எழுதிவிடாதீர்கள்.

தொடரின் வழக்கம்

2002-இல் வந்த மாரோவிண்டில் எரிமலைச் சாம்பலும் தொற்றும் அச்சுறுத்தின, ஆப்லிவியனில் வேற்றுலக வாயில்கள் திறந்தன, ஸ்கைரிமில் டிராகன்கள் வந்தன. ஒவ்வொரு பாகத்தின் பெரும் ஆபத்தும் அடுத்த பாகத்தில் வரலாறாகவும் புத்தகமாகவும் இடிபாடாகவும் சுருங்கிவிட்டது; ஸ்கைரிமில் ஆப்லிவியன் வாயில்களை மூடும் வேலை யாருக்கும் வாய்க்கவில்லை. மூன்று பாகங்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று நம்மிடம் இல்லை.

சவாரி பற்றிய ஆசை

டிராகன் மீது ஏறிப் பறக்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வியின் ஒரு கிளை. 2012 டிசம்பரில் வந்த, ஸ்கைரிமின் டிராகன்பார்ன் என்ற விரிவாக்கத்தில் சவாரி ஏற்கெனவே இருந்தது, ஆனால் விரும்பிய திசையில் திருப்பிச் செல்லும் உரிமை இல்லை. டிராகன் வட்டமிடும், நாம் இலக்கைச் சுட்டலாம், இறங்கச் சொல்லலாம். ஸ்டார்ஃபீல்டில் விண்கலம் ஓட்ட முடிகிறதே, ஆறாம் பாகமும் அதே கிரியேஷன் எஞ்சின் என்னும் ஆட்ட மென்பொருள் வரிசையில் உருவாவதால் டிராகனையும் ஓட்டலாம் என்று வாதிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2023 செப்டம்பரில் ஸ்டார்ஃபீல்ட் வெளிவந்தபோது விண்வெளியில் கலத்தை ஓட்ட முடிந்தது, ஆனால் கோளின் நிலப்பரப்புக்கு மேலே தாழ்வாகப் பறக்க முடியவில்லை. தரையிறக்கம் தனிக் காட்சியாகவே அமைந்தது. டிராகன் சவாரிக்குத் தேவைப்படுவது துல்லியமாக அந்த இல்லாத பகுதிதான்: மரங்களும் ஊர்களும் மனிதர்களும் நிறைந்த நிலம், வேகமாகப் பறப்பவரின் கண்முன்னே தடையின்றி விரிவது. ஆகவே இந்த வாதத்தின் எடை குறைவு.

எழுதி வைத்தல்

உங்கள் ஊகத்தைத் தேதியோடு எழுதுங்கள். எந்தக் கேள்விக்கான விடை, எந்தச் சான்று, எவ்வளவு உறுதி, எது தெரியவந்தால் ஊகம் பொய்யாகும் என்ற நான்கும் அதில் இருக்கவேண்டும். கடைசியில் உள்ளதே மிக முக்கியம். பொய்யாக்கவே முடியாத ஊகத்தால் யாருக்கும் பயனில்லை. சொந்த ஊகத்தை ‘கசிந்த தகவல்’ என்ற தொனியில் ஒருபோதும் எழுதாதீர்கள், அது கைமாறிக் கைமாறி இரண்டே வாரத்தில் செய்தியாகிவிடும். ஸ்கைரிமை இன்னும் முடிக்காதவர்கள் படிக்கக்கூடும் என்பதால், பார்த்துர்நாக்ஸ் போன்ற செய்திகளுக்கு முன் ஓர் அறிவிப்பு வரியும் இடுங்கள்.

அடுத்த முன்னோட்டம் வரும் நாளில், முதல் முறை பார்க்கும்போது எதையும் நிறுத்திப் பெரிதாக்காமல் முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை மட்டும் கேளுங்கள்: ஸ்கைரிமின் முகப்பிசை டிராகன் மொழியில் பாடப்பட்டது, அந்த மொழியின் சொற்கள் மீண்டும் ஒலித்தால் அது கொடியில் உள்ள சின்னத்தைவிடப் பெரிய சான்று. மூன்றாம் முறை நிலத்தைப் பாருங்கள். நகக்கீறல் போன்ற எழுத்துகள் கொண்ட சுவர்கள், திறந்துகிடக்கும் புதைமேடுகள், கூரை இல்லாமல் கருகிய கோபுரங்கள் ஆகியவை குறித்துக்கொள்ளத் தக்கவை. நகரத்துக்குள் நுழையும்போது காட்சி தடைபடுகிறதா என்பதையும் கவனியுங்கள்; ஸ்கைரிமின் பெரிய நகரங்கள் கதவைத் திறந்தபின் தனியே ஏற்றப்பட்டன, அந்தத் தடை நீங்கியிருந்தால் பறக்கும் பேருயிர் ஒன்று வெளியிலிருந்து நகருக்குள் பாய்ந்து தாக்குவது எளிதாகும். வெளியீடு நெருங்கும்போது வயதுத் தரச்சான்று அமைப்புகள் தரும் சுருக்கங்களையும் படியுங்கள், எதிரிகளின் வகை அவற்றில் குறிப்பிடப்படுவது உண்டு.

என் குறிப்பேட்டில் உள்ளது இது: உயிருள்ள டிராகன்கள் இருக்கும், உறுதி அதிகம், ஒன்றிரண்டைப் பெயரோடும் குரலோடும் சந்திப்போம், உறுதி நடுத்தரம், கதை அவற்றைப் பற்றியதாக இராது, உறுதி அதிகம். முன்னோட்டத்தின் இறுதிக் காட்சியை ஒரு டிராகன் நிரப்பினால் மூன்றாவது வரியை அடித்துவிடுவேன்.